லேலண்ட்: லங்காசயர் முதல் ஓசூர் வரை

லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியிலுள்ள ஓர் ஊராகும். அங்கு 1896இல் நீராவி வண்டி செய்யத் தொடங்கிய நிறுவனமே பின்னர் லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய பேருந்துகளும் லாரிகளும் இன்று தமிழ்நாட்டில் உருவாகின்றன.

சென்னையில் தொடக்கம்

ரகுநந்தன் சரண் 1948இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பிரிட்டனின் ஆஸ்டின் ஏ40 கார்களின் பாகங்களைச் சென்னையை அடுத்த எண்ணூரில் பூட்டி விற்பதே அதன் முதல் தொழில். பாகங்களை இறக்குமதி செய்து பூட்டினால் மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே செய்யவும் வேண்டும் என்று 1953இல் இந்திய அரசு முடிவெடுத்தது. லேலண்ட் நிறுவனத்தின் கூட்டுறவால் கனரக வாகனங்களுக்கு மாறிய இந்நிறுவனம், 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது.

பிரிட்டனில் சரிவு

ஆஸ்டின், மோரிஸ், ஜாகுவார், ரோவர் முதலிய கார்கள் 1968இல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. ஒரே நிறுவனத்தின் கார்களே ஒன்றோடொன்று போட்டியிட்டன. வேலைநிறுத்தம், தரக்குறைவு, வெளிநாட்டுக் கார்களின் வருகை ஆகியவற்றால் நட்டம் பெருகவே, 1975இல் அரசு அதனை ஏற்றது. அதன் வழிவந்த எம்.ஜி. ரோவர் 2005இல் நொடித்தது. ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர். அக்கார்களில் பல இன்று பழைய கார் ஆர்வலர்களின் சங்கங்களில் மட்டுமே போற்றப்படுகின்றன.

ஓசூரில் தொடர்ச்சி

பிரிட்டனில் நெருக்கடி நீடித்த 1980இல், பெங்களூரை ஒட்டிய ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை தொடங்கியது. 1987இல் பிரிட்டிஷ் பங்குகள் இந்துஜா குழுமத்தின் தலைமையிலான கூட்டணிக்குக் கைமாறின. தாய் நிறுவனம் சிதைந்தபோதும் இந்தியக் கிளை நிலைத்தது. பெயரை மட்டும் பெறாமல், செய்யும் தொழிலையும் கற்றுக்கொண்டதே அதற்கு முக்கியக் காரணமாகும்.