கணிப்பொறியின் கண்ணில் படாத கார்டு

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், வீட்டு டெஸ்க்டாப்பில் ஒயர்லெஸ் கார்டு மாட்டினோம். கம்ப்யூட்டருக்கு அது தெரியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?"

கேள்வியோடு சில பதில்களையும் அவர்களே கொண்டு வருவார்கள். "எங்கள் ஊர் மலையடிவாரம், சிக்னல் எட்டாது" என்பார் ஒருவர். "ஆண்டெனா போதாது" என்பார் மற்றொருவர். "கார்டு போய்விட்டது, புதிது வாங்கு என்று கடையில் சொல்லிவிட்டார்கள்" என்பார் மூன்றாமவர். பழைய டெஸ்க்டாப் ஒன்றைப் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த பெற்றோருக்குப் புதுக் கார்டின் விலை சிறிய தொகை அன்று. நன்றாக உள்ள கார்டைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றை வாங்கி, அதுவும் தெரியாமற் போனால் வருத்தம் இரட்டிப்பாகும். ஆகவே, பணப்பையைத் திறக்குமுன் சற்றே சிந்திப்போம். இதற்கு வேண்டிய அறிவியல் பெரும்பாலும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இரண்டு நோய்கள்

"நெட்வொர்க் தெரியவில்லை" என்பது ஒரு நோய். "கார்டு தெரியவில்லை" என்பது முற்றிலும் வேறு நோய். இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

வீட்டிலுள்ள ரௌட்டருக்கும் கார்டின் ஆண்டெனாவுக்கும் இடையே செல்வது ரேடியோ அலை. வை-ஃபை பயன்படுத்தும் அதிர்வெண்களில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகமாகிய வினாடிக்கு 30 கோடி மீட்டரை இந்த அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்று கிடைக்கும். இந்த அலையைக் கான்கிரீட் சுவர் வலுவிழக்கச் செய்யும், இரும்புப் பீரோ மறிக்கும், மலையும் மறிக்கும்.

ஆனால் கார்டைக் கணிப்பொறி கண்டுகொள்வது ரேடியோ அலையால் அன்று. மதர்போர்டின் மீது பதித்த, ஒரு சாண் நீளம்கூட இல்லாத செப்புக் கோடுகளின் வழியாக! ஆண்டெனாக்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாலும் கார்டு கணிப்பொறிக்குத் தெரிந்தாக வேண்டும். மலையடிவாரத்து ராஜபாளையத்திலிருந்து அதே பெட்டியை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்து நிழலுக்குக் கொண்டு சென்றாலும் தெரியாத கார்டு தெரியப்போவதில்லை. எனவே இந்த நோய்க்கு மலையும் காரணமில்லை, ஆண்டெனாவும் காரணமில்லை, ரௌட்டரும் காரணமில்லை. ஒரே சிந்தனையில் மூன்று பேர் மீதிருந்த சந்தேகம் நீங்கிவிட்டது அல்லவா?

பாதியாக வெட்டும் முறை

பழுது தேடுவதற்கு ஒரு பொது முறை உண்டு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தொலைபேசிக் கம்பி ஓரிடத்தில் அறுந்திருக்கிறது என்று கொள்வோம். ஒரு முனையிலிருந்து கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு போகலாம். நாள் முழுதும் ஆகும். அதற்குப் பதில், நடுவில் நின்று சோதித்தால், பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். மிச்சம் 6 கிலோமீட்டர். அதன் நடுவில் மீண்டும் சோதித்தால் 3 கிலோமீட்டர், பிறகு 1.5, பிறகு 0.75. நான்கே சோதனைகளில் முக்கால் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டோம்!

கார்டுக்கும் திரையில் தெரியும் அதன் பெயருக்கும் இடையிலும் இப்படி ஒரு சங்கிலி உண்டு. முதலில், கார்டு ஸ்லாட்டில் சரியாகப் பொருந்தி மின்சாரம் பெற வேண்டும். இரண்டாவதாக, கணிப்பொறி பெயர் கூப்பிடும்போது பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, அதை இயக்கத் தெரிந்த "டிரைவர்" என்னும் மென்பொருள் இருக்க வேண்டும். இதற்குப் பிறகுதான் ரேடியோ. இச்சங்கிலியின் நடுக் கண்ணி, பெயர் கூப்பிடுதல். அங்கேயே முதற் சோதனையைச் செய்வோம்.

பிரசன்ட் சார்!

ஒரு காலத்தில் கணிப்பொறிக்குத் தன்னிடம் என்னென்ன கார்டுகள் உள்ளன என்று கண்டறியத் தெரியாது. கார்டை மாட்டுபவரே "ஜம்பர்" என்னும் சிறு உலோக இணைப்புகளை இடம் மாற்றி வைத்துத் தெரிவிக்க வேண்டும். 1992-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட "பி.சி.ஐ." என்னும் அமைப்பு இந்தத் தொல்லையைப் போக்கியது. அதில் ஒவ்வொரு கார்டும் தானே தன்னைப் பற்றிச் சொல்லும்.

எப்படி? வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிப்பதைப் போல, மின்சாரம் வந்தவுடன் கணிப்பொறி ஒவ்வோர் இடமாகக் கூப்பிடுகிறது. இவ்வமைப்பில் 256 வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் 32 இருக்கைகள், ஓர் இருக்கையில் 8 பேர் வரை அமர இடமுண்டு. இருக்கையில் ஆள் இருந்தால் அவர் இரண்டு எண்களைச் சொல்வார். முதல் எண் கார்டைச் செய்தவரைக் குறிக்கும். இரண்டாவது எண் அதன் வகையைக் குறிக்கும். ஒவ்வொன்றும் 16 பிட் கொண்டது. பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் இவற்றை எழுதுவார்கள்; 9-க்குப் பிறகு 10 முதல் 15 வரையுள்ள எண்களுக்கு ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகள். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசஸரின் பெயரும் அதுவே! ரியல்டெக் நிறுவனத்தின் எண் 10-இ-சி.

காலி இருக்கையைக் கூப்பிட்டால்? பதிலே வராது. அப்போது பதினாறு பிட்டுகளும் 1 என்றே படிக்கப்படும். அதாவது நான்கு எஃப்-கள். அந்த எண்ணை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே நான்கு எஃப்-கள் வந்தால் "இங்கே ஆள் இல்லை" என்று பொருள்.

இந்தப் பெயர் கூப்பிடுதலுக்கு டிரைவர் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் "டிவைஸ் மேனேஜர்" என்பதைத் திறந்து பாருங்கள். "அதர் டிவைசஸ்" என்ற தலைப்பின் கீழ் "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஏதேனும் இருக்கிறதா? அதன் "பிராப்பர்ட்டீஸ்" பகுதியில் "கோடு 28" என்று இருந்தால் டிரைவர் நிறுவப்படவில்லை என்று பொருள். அங்கேயே "டீட்டெயில்ஸ்" பக்கத்தில் "ஹார்ட்வேர் ஐடி" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேற்சொன்ன இரண்டு எண்களும் தெரியும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற லினக்ஸ் வகைகளில் "எல்.எஸ்.பி.சி.ஐ." என்னும் கட்டளையைச் சிறிய ஆங்கில எழுத்துகளில், புள்ளி இல்லாமல் கொடுத்தால் பதிவேடு முழுவதும் திரையில் வரும்.

எண் தெரிந்துவிட்டதா? மகிழுங்கள், கார்டுக்கு உயிர் இருக்கிறது! அதன் மொழி மட்டும் கணிப்பொறிக்குப் புரியவில்லை. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, செல்போன் வழியாகவோ நண்பர் வீட்டுக் கணிப்பொறியிலோ தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து உரிய டிரைவரைப் பெற்று நிறுவினால் போதும். புதுக் கார்டுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஒரு மின்தேக்கி சொல்லும் செய்தி

எண்ணே வரவில்லை என்றால் பழுது சங்கிலியின் கீழ்ப் பாதியில் உள்ளது. 2003-இல் வந்த "பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்" என்னும் புதிய வகை ஸ்லாட்டுகளையே இன்றைய டெஸ்க்டாப்புகளில் காண்கிறோம். பெயர் கூப்பிடுவதற்கும் முன்னால் இந்த ஸ்லாட் ஒரு சோதனை செய்கிறது. அது நம் இயற்பியல் ஆய்வுக்கூடச் சோதனையேதான்.

ஸ்லாட்டுக்குச் செல்லும் செப்புக் கோட்டில் ஒரு சிறிய மின்தேக்கி தொடராக இணைந்துள்ளது. அதன் மின்தேக்குத் திறன் 100 நானோஃபாரட் அளவு. கோட்டின் மறுமுனையில், கார்டுக்குள், ஏறத்தாழ 50 ஓம் மின்தடை ஒன்று உண்டு. அனுப்பும் பக்கத்திலும் அவ்வளவே. மதர்போர்டு அக்கோட்டின் மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்துகிறது. கார்டு இருந்தால் மின்தேக்கி மின்னேற்றம் பெற வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். மின்தடையையும் மின்தேக்குத் திறனையும் பெருக்கினால் நேர மாறிலி கிடைக்கும் என்பது பாடம். 100 ஓம்-ஐ 100 நானோஃபாரட்டால் பெருக்குங்கள்: 10 மைக்ரோ வினாடி. கார்டு இல்லையெனில் சுற்று முடிவு பெறாது. கோட்டுக்கு உள்ள சில பிகோஃபாரட் மட்டுமே மிச்சம். மின்னழுத்தம் ஒரு நானோ வினாடிக்கும் குறைவான நேரத்தில் விருட்டென்று உயர்ந்துவிடும். மெதுவாக உயர்ந்தால் ஆள் உண்டு. விரைந்து உயர்ந்தால் ஆள் இல்லை!

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. கார்டு நன்றாகவே இருக்கலாம். அதன் தொடுமுனை ஒன்றே ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் ஸ்லாட் அதைக் "காலி" என்று கருதிவிடக் கூடும். சிறிய ஒயர்லெஸ் கார்டில் இரு பக்கமும் சேர்த்து 36 தொடுமுனைகள் உண்டு. நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம் போன்ற ஊரில் பஞ்சுத் தூசி கேபினட்டுக்குள் புகுந்து படிவது புதுமை அன்று.

கையை வைக்குமுன்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியை முறைப்படி நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். நிறுத்திய பிறகும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும் என்பதால் இது அவசியம். பிறகு பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. கார்டைத் தொடுமுன் கேபினட்டின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். உடலில் சேரும் நிலைமின்சாரம் சில ஆயிரம் வோல்ட் ஆனால்தான் நமக்குச் சுரீர் என்று உறைக்கும். அதற்கும் குறைந்த அழுத்தமே சிப்பைக் கெடுத்துவிடும்.

கார்டை நேராக மேலே இழுத்து எடுங்கள். தொடுமுனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். கறை இருந்தால் மென்மையான அழி ரப்பரால் இலேசாகத் தேய்த்துத் துகளை நீக்குங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் படியும். கார்டைச் சரிசமமாக அழுத்திச் சொருகுங்கள். பின்புறத் திருகை இறுக்கும்போது கார்டின் மறுமுனை மேலே எழும்பிவிடுவது உண்டு, அதைக் கவனியுங்கள்.

இன்னும் தெரியவில்லையா? வேறு ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். சில மதர்போர்டுகளில் ஒரு ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் இன்னொன்று அடங்கிவிடும்; கையேட்டில் எழுதியிருப்பார்கள். "பயாஸ்" அமைப்பில் ஸ்லாட்டையோ ஒயர்லெஸ் வசதியையோ யாரேனும் அணைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இறுதிச் சோதனை, இடமாற்றம். ராஜபாளையத்துக் கார்டை ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பரின் கணிப்பொறியில் மாட்டுங்கள். அங்கே தெரிந்தால் கார்டு நல்லது, உங்கள் ஸ்லாட்டில்தான் பழுது. அங்கேயும் தெரியாமல், நண்பரின் கார்டு உங்கள் கணிப்பொறியில் தெரிந்தால், கார்டுதான் போய்விட்டது. இப்போது தாராளமாகப் புதிது வாங்கலாம். ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

பாதிக் கார்டு

வாங்கும்போதும் ஓர் எச்சரிக்கை. "எம்.2" என்னும் சிறு ஸ்லாட்டில் பொருந்தும் இன்டெல் கார்டுகளில் ஏ.எக்ஸ். 200, ஏ.எக்ஸ். 201 என்று இரண்டு உண்டு. இரட்டைப் பிள்ளைகளைப் போல் இருக்கும். ஆனால் முன்னது முழுக் கார்டு. பின்னது பாதிக் கார்டு. ஏ.எக்ஸ். 201-இல் ரேடியோப் பகுதி மட்டுமே உள்ளது; மற்றப் பகுதி அதற்கேற்ற இன்டெல் மதர்போர்டின் சிப்புக்குள் இருக்கிறது. ஏ.எம்.டி. மதர்போர்டில் அதை மாட்டினால் எத்தனை முறை துடைத்தாலும் பதில் வராது. அது கார்டின் குற்றமன்று. பொருத்தம் பாராதவரின் குற்றம்.

தேனியில் கண்ட உண்மை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடருக்கு அப்பால் உள்ளது தேனி மாவட்டம். அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில், சிற்றூர்க் கண் பரிசோதனை நிலையங்களைத் தேனி மருத்துவமனையோடு வை-ஃபை மூலம் இணைத்தார்கள். சிற்றூரில் அமர்ந்த நோயாளி, திரையின் வழியே மருத்துவரோடு பேசினார். பல கிலோமீட்டர் தொலைவுக்குத் திசை ஆண்டெனாக்களைப் பொருத்தினார்கள்.

அந்த அமைப்பில் நேர்ந்த பழுதுகளை ஆராய்ந்து அவர்கள் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொல்லைகளில் பெரும்பாலானவை ரேடியோவால் வந்தவை அல்ல. ஏறியிறங்கும், திடீரென்று எகிறும் மின்சாரத்தால் வந்தவை என்று தெரிந்தது. அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிரித்தறிய உள்ளூர் ஊழியர்களுக்கே பயிற்சி தர வேண்டும் என்பதும் அவர்கள் கற்ற பாடம். நம் வீட்டுக்கும் இது பொருந்தும். நல்ல எர்த் இணைப்பும் தரமான பவர் சப்ளையும் இருந்தால் கார்டின் ஆயுள் கூடும்.

நீங்களே செய்து பாருங்கள்

பழுது வரும்வரை காத்திருக்க வேண்டாம். நன்றாக ஓடும் ஒரு கணிப்பொறியில் இன்றே டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் கார்டின் இரண்டு எண்களையும் உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். செய்தவர் எண் 8086 எனில், அதைச் சாதாரணப் பத்தடிமான எண்ணாக மாற்றிப் பாருங்கள். 32902 வந்தால் உங்கள் கணக்குச் சரி. பிறகொரு நாள் அக்கார்டு காணாமற்போனால், யாரைத் தேடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் "போய்விட்டது" என்று மூலையில் வைத்த பெட்டி ஏதேனும் இருந்தால், ஆசிரியரின் அனுமதி பெற்று இந்த வரிசையில் சோதித்துப் பாருங்கள். ஒருவேளை அதுவும் "பிரசன்ட் சார்" என்று பதில் சொல்லக் கூடும்.