வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி

பிரிட்டனில் 1978ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, பி.பி.சி.யின் ரேடியோ 1 நிலையத்தில் ‘ஃப்ரைடே ராக் ஷோ’ என்ற வாராந்தர நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. டாமி வான்ஸ் என்ற அறிவிப்பாளரின் ஆழ்ந்த, சற்றே கரகரத்த குரல் அதன் அடையாளமாகவும், டிக்ஸி டிரெக்ஸ் என்ற அமெரிக்கக் குழு வாசித்த ‘டேக் இட் ஆஃப் தி டாப்’ என்னும் வாத்திய இசை அதன் முகப்பிசையாகவும் நிலைபெற்றன. 1993 ஏப்ரல் 2ஆம் தேதி அவர் விடைபெறும் வரையில், பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக, ராக் இசையிலும் அதன் உக்கிரமான கிளையாகிய ஹெவி மெட்டலிலும் மனத்தைப் பறிகொடுத்த லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு வாரம் முழுவதும் காத்திருக்கத் தகுந்த ஒரு நேரம் இருந்தது. ஒரு வானொலி நிகழ்ச்சியின் சரித்திரத்தை இவ்வளவு காலம் கடந்து எழுதுவானேன் என்று கேட்கலாம். படித்தவர்களும் பத்திரிகைகளும் இரைச்சல் என்று ஒதுக்கிய ஒரு சங்கீதத்தை, ஓர் அரச சாசனத்தின் கீழ் இயங்கும் பெரிய ஸ்தாபனம், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது மதித்து நடத்தியதால் என்ன விளைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

இவ்விசையோடு பரிச்சயமில்லாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். மின்கித்தாரின் தந்தியில் எழும் அதிர்வை, ஒலிபெருக்கி இயல்பாகத் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் செலுத்தினால், அலைகளின் முகடுகள் வெட்டுப்பட்டு, நாதம் தடித்து, உறுமலாக மாறிவிடும். பொறியாளர்கள் பழுது என்று கருதி விலக்க முயன்ற இந்த ஒலியையே 1960களின் கித்தார்க் கலைஞர்கள் விரும்பி வளர்த்தார்கள். நாதஸ்வரக் கச்சேரியை முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்களுக்கு, தவிலின் ஓசை செவியோடு நில்லாமல் நெஞ்சுக்கூட்டையும் அதிரச் செய்வது தெரிந்திருக்கும்; ஹெவி மெட்டல் இசையின் ரசிகர்கள் தேடியதும் ஏறக்குறைய அத்தகைய அனுபவந்தான்.

இந்த இசை பிறந்த இடங்களுள் முதன்மையானது பர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரம். அங்கே தகட்டு உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்துவந்த டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞர், அந்த வேலையை விட்டுவிட எண்ணியிருந்த கடைசி நாளன்று, அழுத்தும் இயந்திரத்தில் கை சிக்கி, வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகையால் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கையே. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தகுந்த குமிழாகச் செய்து, நுனியில் தோல் துண்டை ஒட்டி, அந்தக் கவசங்களை மாட்டிக்கொண்டு அவர் மீண்டும் வாசிக்கப் பழகினார். வலி பொறுப்பதற்காக மெல்லிய தந்திகளைக் கட்டினார்; பின்னாளில் சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். தாழ்ந்த சுருதியில் தளர்ந்து அதிர்ந்த அத்தந்திகளிலிருந்து எழுந்த கனத்த, இருண்ட நாதமே அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் முத்திரையாயிற்று. அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வெளிவந்ததை ஹெவி மெட்டலின் ஜனனமாகக் கொள்வோர் பலர்.

இசைத்தட்டுகள் விற்பனையாயின, கச்சேரி மண்டபங்கள் நிரம்பின. வானொலியில் மாத்திரம் இதற்கு இடம் சுருங்கியே இருந்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அனுமதியின்றி ஒலிபரப்பிவந்த நிலையங்களை 1967ஆம் ஆண்டுச் சட்டம் முடக்கிய பிறகு, அவை விட்டுச்சென்ற இளம் நேயர்களுக்காகவே பி.பி.சி. அந்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி ரேடியோ 1-ஐத் தொடங்கியது. பகல் நேரம் முழுவதும் அங்கே கோலோச்சியவை மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும் ஜனரஞ்சகப் பாட்டுகள். பத்து நிமிஷம் விரியும் ராக் உருப்படிகளை ஆதரித்தவர்களுள் ஆஸ்திரேலியரான ஆலன் ஃப்ரீமன் முக்கியமானவர். சனிக்கிழமை பிற்பகல்களில் மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத் துணுக்குகளையும் ராக் இசையையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு அவர் நடத்திய நிகழ்ச்சி மிகுந்த பிரசித்தி பெற்றது. 1978இல் அவர் பி.பி.சி.யை விட்டு விலகினார். ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு டாமி வான்ஸிடமும், தயாரிப்பாளர் டோனி வில்சனிடமும் வந்து சேர்ந்தது. இரவு பத்து மணி நேரத்தை அதுவரை தம் வசம் வைத்திருந்த அறிவிப்பாளர் ஜான் பீலுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு இரவுகள் மிஞ்ச, வெள்ளியிரவு ராக் இசைக்கு ஒதுக்கப்பட்டது.

அந்த இரவு நேரத்துக்கு ஒரு தனிப்பெரும் அனுகூலம் இருந்தது. ரேடியோ 1 அக்காலத்தில் மத்திய அலையில் மாத்திரமே ஒலித்த நிலையம். பொழுது சாய்ந்தால் ஐரோப்பிய நிலையங்களின் குறுக்கீடு வேறு வந்து சேரும். ஆனால் இரவு பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை ரேடியோ 2-க்குரிய எஃப்.எம். அலைவரிசையை அது இரவல் பெற்றது. பகலெல்லாம் ஒடுங்கிக் கேட்ட இசை அந்த இரண்டு மணி நேரம் மட்டும் ஸ்டீரியோவில், இடக்காதுக்கு ஒரு கித்தாரும் வலக்காதுக்கு ஒரு கித்தாருமாக, முழு வீச்சோடு வந்து சேர்ந்தது. ஒலியின் பருமனையே ஆத்மாவாகக் கொண்ட ஒரு சங்கீதத்துக்கு இது சாமானிய உதவியன்று. வெற்று ஒலிநாடாவைப் பதிவுக் கருவியில் பொருத்தி, பத்தடிக்கும் தறுவாயில் விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்த பழக்கத்தை அந்நாளைய ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

டாமி வான்ஸ் என்பது அவருடைய இயற்பெயரன்று. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே பிறந்த ரிச்சர்ட் ஹோப்-வெஸ்டன் இளமையில் அமெரிக்கா சென்று வானொலிப் பணியில் சேர்ந்தார். சியாட்டில் நகர நிலையமொன்று டாமி வான்ஸ் என்ற பெயரில் ஓர் அறிவிப்பாளரை எதிர்பார்த்து, அப்பெயரைப் பாடும் விளம்பரத் துணுக்குகளையும் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருந்தது. வரவேண்டியவர் வரவில்லை; செலவழித்துத் தயாரித்த துணுக்குகளை வீணாக்க மனமின்றி, வந்து நின்ற இளைஞருக்கே அப்பெயரைச் சூட்டிவிட்டார்கள். அதன் பின்னர் கடல் வானொலி, லண்டனின் கேப்பிட்டல் ரேடியோ என்று பல இடங்களில் பணியாற்றிப் பழுத்த அனுபவத்தோடு அவர் ரேடியோ 1-க்கு வந்தார். 1982 முதல் 1984 வரை ஞாயிறுதோறும் விற்பனையில் முன்னணி வகிக்கும் நாற்பது பாட்டுகளின் வரிசையை நாட்டுக்கு அறிவித்தவரும் அவரே. அந்தப் பிரபலத்தையெல்லாம் ஒரு புறம் வைத்துவிட்டு, வெள்ளியிரவில் அவர் காட்டிய கௌரவத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஷெஃபீல்டிலிருந்தோ சஃபக் கிராமப்புறத்திலிருந்தோ வந்த பெயர் தெரியாத ஒரு குழுவை அறிமுகப்படுத்தும்போதும், உலகப் புகழ் வாய்ந்த லெட் செப்லினை அறிவிக்கும்போதும், அவர் குரலில் ஒரே சிரத்தை இருந்தது.

இந்நிகழ்ச்சியின் மகத்தான பலன் ஒரு விலக்கு விதியிலிருந்து விளைந்தது. வானொலியில் இசைத்தட்டுகளைத் தாராளமாக ஒலிக்கவிட்டால் ஜனங்கள் தட்டுகளை வாங்க மாட்டார்கள் என்று கம்பெனிகளும், கலைஞர்களுக்குப் பிழைப்புப் போய்விடும் என்று இசைக் கலைஞர் சங்கமும் அஞ்சின. ஆகவே பி.பி.சி. நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம் மட்டுமே தட்டுகளை ஒலிபரப்பலாம் என்ற வரம்பு ஒப்பந்தத்தில் விதிக்கப்பட்டிருந்தது. 1988 வரையில் அது அமலில் இருந்தது. எஞ்சிய நேரத்தைக் கலைஞர்களைத் தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே வரவழைத்து வாசிக்கச் செய்து நிரப்ப வேண்டிய நிர்ப்பந்தம் பி.பி.சி.க்கு ஏற்பட்டது.

இப்பதிவுகளில் பல, லண்டனின் மெய்டா வேல் கூடத்தில் நடந்தன. 1909இல் உருளைச் சறுக்கு அரங்கமாகத் திறக்கப்பட்டு, 1930களில் பி.பி.சி.யின் கைக்கு வந்து, அதன் சிம்பொனி வாத்தியக் குழுவுக்கு இருப்பிடமான நீண்ட, தாழ்ந்த கட்டடம் அது. வெளியூர்க் குழு ஒன்று வாடகை வண்டியில் தன் முரசுகளையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கும். வாத்தியங்களை அடுக்கி, ஒலிவாங்கிகளை அமைத்து முடிப்பதற்கே நேரம் போய்விடும். பிறகு மூன்று அல்லது நான்கு பாட்டுகளை வாசித்து, மேலே சேர்க்க வேண்டிய குரலையும் கித்தாரையும் சேர்த்து, இரவுக்குள் கலவையும் முடித்தாக வேண்டும். மறுநாள் என்பது கிடையாது. ஒரு முரசு ஒலிக்கு இரண்டு நாள் செலவிடும் இசைத்தட்டுத் தயாரிப்போடு ஒப்பிட்டால் இது அவசரப் பதிவே. ஆயினும் மேடையில் வாசிக்கும் வேகமும் படபடப்பும் அந்த நாடாக்களில் அப்படியே உறைந்திருக்கின்றன. குழுக்கள் பிற்பாடு பெருஞ்செலவில் பதித்த தட்டுகளைக் காட்டிலும் இவற்றையே நான் விரும்பிக் கேட்பேன். ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லாத இளைஞர்களுக்கோ, தேர்ந்த பொறியாளர்களின் கையால், சன்மானமும் கொடுத்துச் செய்யப்படும் பதிவு என்பது கனவிலும் எட்டாத வாய்ப்பு.

அதற்குரிய காலமும் கைகூடி வந்தது. 1979 மே மாதம் லண்டன் கேம்டன் பகுதியில் அயர்ன் மெய்டன், சாம்சன், ஏஞ்சல் விட்ச் என்ற மூன்று குழுக்கள் ஒரே இரவில் வாசித்த கச்சேரியைக் கண்ட ‘சவுண்ட்ஸ்’ வாரப் பத்திரிகை, பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை எழுந்துவிட்டது என்று பறைசாற்றியது. ஷெஃபீல்டில் டெஃப் லெப்பர்ட், பார்ன்ஸ்லியில் சாக்ஸன், ஸ்டவர்பிரிட்ஜில் டயமண்ட் ஹெட் என்று, எஃகும் நிலக்கரியும் கண்ணாடியும் விளைந்த ஊர்களிலெல்லாம் குழுக்கள் முளைத்தன. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி அயர்ன் மெய்டன் குழுவை அழைத்து நான்கு பாட்டுகளை டோனி வில்சன் பதிவு செய்தார். டிசம்பர் 14ஆம் தேதி அவை ஒலிபரப்பாயின. அக்குழுவின் முதல் நெடுந்தட்டு வெளிவர இன்னும் சில மாதங்கள் இருந்தன. அவர்களே 1982 ஏப்ரலில் பிரிட்டனின் இசைத்தட்டு வரிசையில் முதலிடத்தை எட்டினார்கள். 1980இல் பி.பி.சி.யே தன் நிகழ்ச்சிப் பதிவுகளிலிருந்து தேர்ந்து ‘மெட்டல் எக்ஸ்ப்ளோஷன்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. ஏஞ்சல் விட்ச், பிரேயிங் மேன்டிஸ், டிரெஸ்பாஸ் போன்ற குழுக்கள் அதில் இடம்பெற்றன. இவற்றுள் டிரெஸ்பாஸ் போன்றவை பெரும்புகழ் பெறாமலே கலைந்தன என்றாலும், அத்தொகுப்பைக் கேட்பவர்கள் அவர்களது திறமையைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

மதுக்கூடங்களில் நடக்கும் கச்சேரிகளுக்குப் போக வயது வராத பள்ளிப் பிள்ளைகளுக்கும், இரவு ஒன்பதோடு கடைசிப் பேருந்து நின்றுவிடும் சிற்றூர் வாசிகளுக்கும், தம்மைப் போன்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள் என்பதை முதலில் உணர்த்தியது இந்த வெள்ளியிரவே. ரெடிங் விழாவின் மேடைக் கச்சேரிகளும், 1980 ஆகஸ்டில் டோனிங்டன் பந்தயத் திடலில் தொடங்கிய ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்’ விழாவின் கச்சேரிகளும் பதிவாகிப் பின்னர் ஒலித்தன. இந்த அலை அட்லாண்டிக் சமுத்திரத்தையும் தாண்டியது. கலிஃபோர்னியாவில் வசித்த டென்மார்க்கு இளைஞர் லார்ஸ் உல்ரிக் 1981ஆம் ஆண்டுக் கோடையில் டயமண்ட் ஹெட் குழுவைத் தேடி இங்கிலாந்துக்கே புறப்பட்டு வந்தார்; திரும்பிச் சென்று அவர் அமைத்த மெட்டாலிகா உலகின் மாபெரும் குழுக்களில் ஒன்றாயிற்று.

1990களில் ருசி மாறிற்று. ரேடியோ 1-ம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முனைந்தது. வான்ஸ் 1993இல் புதிதாய்த் தோன்றிய வெர்ஜின் ரேடியோவுக்குச் சென்றார். வெள்ளியிரவு நிகழ்ச்சியை கிளேர் ஸ்டர்ஜஸ் என்ற பெண்மணி ஏற்று நடத்தினார். பின்னர் வான்ஸும் டோனி வில்சனும் மீண்டும் சேர்ந்து, ராக் இசைக்கென்றே பிரத்தியேகமான ஒரு நிலையத்தை நிறுவினார்கள். பக்கவாதத்தால் தாக்குண்டு 2005 மார்ச் 6ஆம் தேதி வான்ஸ் காலமானார்.

பழைய நாடாக்களில் சில அதற்குள் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. 1979ஆம் ஆண்டின் அந்த நான்கு பாட்டுகளை அயர்ன் மெய்டன் 2002இல் ‘பி.பி.சி. ஆர்க்கைவ்ஸ்’ என்ற தொகுப்பில் வெளியிட்டது. அதே ஆண்டு தொடங்கிய பி.பி.சி. 6 மியூசிக் நிலையம் ராக் இசைக்கு வெள்ளியிரவை மீண்டும் ஒதுக்கி, பழைய பெயரையே சூட்டி, அதை நடத்துவதற்கு புரூஸ் டிக்கின்ஸனை அமர்த்தியது. 1979இல் சாம்சன் குழுவின் பாடகராக இருந்து, 1981இல் அயர்ன் மெய்டனில் சேர்ந்தவர் அவர். உலகப் பயணங்களுக்கும் விமானம் ஓட்டும் தொழிலுக்கும் இடையே 2010 மே வரை அவர் அதை நடத்திவந்தார். ரேடியோ 1-லும் ராக் ஷோ வேறு கிழமைகளுக்கு மாறி, வேறு அறிவிப்பாளர்களின் பொறுப்பில் தொடர்ந்தது. தட்டுகளுக்கு நேர வரம்பு நீங்கி ஆண்டுகள் பல ஆன பிறகும், புதிய குழுக்களை மெய்டா வேலுக்கு அழைத்து ஒரே நாளில் பதிவு செய்யும் வழக்கத்தை பி.பி.சி. நெடுங்காலம் கைவிடாமல் இருந்தது.