ஐக்கிய அமெரிக்காவின் நடுநிலைமைச் சட்டங்கள்

நடுநிலைமைச் சட்டங்கள் என்பவை 1935 முதல் 1939 வரை ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றிய சட்டங்களின் தொகுதி ஆகும். பிற கண்டங்களில் மூளும் போர்களில் நாடு சிக்கிக்கொள்ளாதிருக்க இவை இயற்றப்பட்டன. இவற்றின் முதன்மையான பிரிவுகள் 1914-க்கும் 1917-க்கும் இடையே நிகழ்ந்தவற்றை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. முதலாம் உலகப் போருக்குள் நாடு எவ்வழிகளில் இழுக்கப்பட்டதாகக் கருதப்பட்டதோ, அவ்வழிகளை அடைப்பதே சட்டமியற்றியோரின் நோக்கமாக இருந்தது.

பின்னணி

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் தொடங்கியபோது குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் நடுநிலைமையை அறிவித்தார். ஆயினும் வணிகம் நிற்கவில்லை. பிரித்தானியக் கடற்படை ஜெர்மனியை முற்றுகையிட்டிருந்ததால் அமெரிக்கச் சரக்குகள் பெரும்பாலும் நேச நாடுகளுக்கே சென்றன. அவற்றை வாங்குவதற்கான பணத்தையும் காலப்போக்கில் அமெரிக்கர்களே கடனாகக் கொடுத்தனர். 1915 அக்டோபரில் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் 50 கோடி டாலர் கடன், ஜே. பி. மார்கன் நிறுவனத்தின் வழியாகத் திரட்டப்பட்டது.

அதற்கு முன்னரே, 1915 மே 7 அன்று, லூசித்தானியா என்னும் பிரித்தானியப் பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மூழ்கடித்திருந்தது. இறந்த ஏறத்தாழ 1,200 பேரில் 128 பேர் அமெரிக்கர்கள். இது குறித்து ஜெர்மனிக்கு அனுப்பப்பட்ட கடுமையான குறிப்பில் கையொப்பமிட மறுத்து, வெளியுறவுச் செயலாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் பதவி விலகினார். போரிடும் நாட்டின் கப்பலில் அமெரிக்கர்கள் பயணம் செய்வதே தவறு என்பது அவரது கருத்து. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அக்கருத்தே சட்டமானது.

1917 பெப்ரவரியில் ஜெர்மனி கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரை மீண்டும் தொடங்கியது. ஏப்ரல் 6 அன்று ஐக்கிய அமெரிக்கா போரில் இறங்கியது. அப்போரில் ஏறத்தாழ 1,16,000 அமெரிக்கப் படையினர் இறந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது நோய். நேச நாடுகளுக்குக் கொடுத்த கடனும் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் திரும்பி வரவில்லை. பின்லாந்து மட்டும் தவணை தவறாமல் செலுத்தி அமெரிக்க மக்களிடையே நற்பெயர் பெற்றது.

நை குழு

1934-இல் வட டகோட்டாவின் செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் செனட் அவை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. படைக்கல உற்பத்தியாளரும் வங்கியாளரும் போரில் ஈட்டிய இலாபத்தை இக்குழு வெளிக்கொணர்ந்தது. அவர்களே நாட்டைப் போருக்குத் தள்ளினர் என்பதை அது நிறுவவில்லை. ஆனால் மக்கள் அவ்வாறே புரிந்துகொண்டனர். வில்சன் இரகசிய ஒப்பந்தங்களை அறிந்திருந்தும் மறைத்தார் என 1936 தொடக்கத்தில் நை கூறியதும், சனநாயகக் கட்சியினர் சினமுற்றனர். குழுவுக்கான நிதியும் நின்றது.

சட்டங்கள்

1935 ஆகஸ்டுச் சட்டம் போரிடும் நாடுகள் அனைத்துக்கும் ஆயுத விற்பனையைத் தடை செய்தது. போரிடும் நாட்டுக் கப்பலில் செல்லும் அமெரிக்கர்கள் தம் சொந்தப் பொறுப்பிலேயே செல்ல வேண்டும் என்றது. தாக்கிய நாட்டுக்கு மட்டும் தடை விதிக்கும் உரிமையைக் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசவெல்ட் கோரியிருந்தார். காங்கிரசு அதனை வழங்கவில்லை. 1936 பெப்ரவரிச் சட்டம் போரிடும் நாடுகளுக்குக் கடன் கொடுப்பதைத் தடுத்தது. 1937 மே மாதச் சட்டம் அத்தகைய நாடுகளின் கப்பல்களில் பயணம் செய்வதையே தடை செய்தது. ஆயுதமல்லாத பொருட்களைப் பணம் கொடுத்து, தம் கப்பலிலேயே ஏற்றிச் செல்வோருக்கு விற்கலாம் என்ற ஏற்பாடும் ஈராண்டுகளுக்கு அதில் இருந்தது. கடன், கப்பல், பயணி ஆகிய மூன்றும் இவ்வாறு தனித்தனியே கட்டுப்படுத்தப்பட்டன.

நடைமுறை விளைவுகள்

தாக்கியவருக்கும் தாக்கப்பட்டவருக்கும் ஒரே விதி என்பதே இச்சட்டங்களின் பெருங்குறை. 1935-இல் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தபோது இரு நாடுகளுக்கும் ஆயுதத் தடை விதிக்கப்பட்டது. இத்தாலியிடம் சொந்த ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்தன, எத்தியோப்பியாவிடம் இல்லை. எண்ணெய் தடைப்பட்டியலில் இடம்பெறாததால் இத்தாலிக்கு அமெரிக்க எண்ணெய் தொடர்ந்து சென்றது. எசுப்பானிய உள்நாட்டுப் போரில் விதிக்கப்பட்ட தடை, தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசு அரசையே மிகுதியாகப் பாதித்தது. பிராங்கோவுக்கு ஜெர்மனியும் இத்தாலியும் உதவிக்கொண்டிருந்தன.

1937-இல் ஜப்பான் சீனாவைத் தாக்கியபோது ரூசவெல்ட் சட்டத்தை நடைமுறைப்படுத்தவே இல்லை. இரு நாடுகளும் முறையாகப் போர் அறிவிக்காதது அதற்கு வசதியாயிற்று. நடைமுறைப்படுத்தியிருந்தால், கப்பல்கள் மிகுந்த ஜப்பான் தனக்கு வேண்டியதை வாங்கிச் சென்றிருக்கும். சீனாவுக்கு ஆயுதம் கிடைத்திராது.

ஆயினும் பொதுமக்களின் மனநிலை எளிதில் மாறவில்லை. நாடு தாக்கப்பட்டாலன்றி, பொது வாக்கெடுப்பு நடத்திய பின்னரே போர் அறிவிக்க வேண்டும் என்ற லட்லோ திருத்தத்தை விவாதத்துக்கு எடுக்கும் முயற்சி, 1938 சனவரியில் பிரதிநிதிகள் அவையில் 188-க்கு 209 என்ற வாக்குகளில்தான் தோற்றது.

தளர்வும் நீக்கமும்

1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் மீண்டும் போர் மூண்டது. நவம்பர் 4-இல் ஆயுதத் தடை நீக்கப்பட்டு, பணம் கொடுத்து ஏற்றிச் செல்லும் முறை ஆயுதங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அட்லாண்டிக்கில் கடலாதிக்கம் கொண்டிருந்த பிரித்தானியாவுக்கு இது சாதகமானது. அதன் கையிருப்பு கரையத் தொடங்கியதும், 1941 மார்ச் 11 அன்று கடன்-குத்தகைச் சட்டம் வந்தது. அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. நவம்பரில், வணிகக் கப்பல்கள் போர்ப் பகுதிகளுக்குச் செல்வதற்கும் ஆயுதம் தாங்குவதற்கும் இருந்த தடைகள் நீக்கப்பட்டன.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. மறுநாள் போர் அறிவிப்புக்கு எதிராகக் காங்கிரசில் ஒரே ஒரு வாக்கு பதிவானது. அவ்வாக்கை அளித்த மொன்டானா உறுப்பினர் ஜானெட் ரேங்கின், 1917-இல் போருக்கு எதிராக வாக்களித்த ஐம்பது பிரதிநிதிகளுள் ஒருவர்.