மேடையேறும் பூனை

தென்கொரியத் தலைநகர் சியோலில் 2019 ஜனவரி முதல் 2021 நவம்பர் வரை நடந்த 107 தீ விபத்துகளுக்குப் பூனைகளே காரணம் என்று அந்நகரத் தீயணைப்புத் துறை கணக்குச் சொன்னது. அங்கே மின்சார அடுப்பை இயக்க ஒரு தொடுதல் போதும். சமையல் மேடைக்குத் தாவிய பூனையின் பாதம் பொத்தான்மீது பட்டு அடுப்பு சூடேற, பக்கத்தில் கிடந்த பொருள்கள் பற்றிக்கொண்டன. நம் சமையலறையில் ஆபத்து வேறு விதமாக இருக்கிறது: அணைத்த பிறகும் சுடும் பர்னர், கொதிக்கும் குழம்பு, வெங்காயமும் பூண்டும் சேர்ந்த மிச்சக் கறி. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கக் கூடியவை. மேடையிலிருந்து பூனையை விலக்கி வைப்பது நம் சுத்தத்துக்காக மட்டும் செய்யும் காரியம் இல்லை.

ஏறுவது அதன் பிறவிக் குணம். வீட்டுப் பூனைகள் மேற்காசியப் பகுதியில் வாழ்ந்த காட்டுப்பூனை இனம் ஒன்றின் வழிவந்தவை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்தக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடும். தன்னைவிடப் பெரிய விலங்குக்கு இரையாகவும் நேரும். உயரத்தில் இருந்தால் எலியும் கண்ணில் படும், எதிரியும் கண்ணில் படும். இதோடு நம் மேடை தரும் வசதிகளும் சேர்ந்துகொள்கின்றன: மீன் வாடை, சொட்டும் குழாய், மார்கழியில் அடுப்போரத்துச் சூடு, சித்திரையில் கிரானைட்டின் குளிர்ச்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, அது விரும்பும் மனிதர்களும் அங்கேதான் நிற்கிறார்கள்.

கிடைத்த பலன் எப்படிப் பழக்கமாக மாறுகிறது என்பதைப் பூனைகளை வைத்தே ஆராய்ந்தவர் எட்வர்ட் தார்ன்டைக். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரச்சட்டங்களால் பெட்டிகள் செய்து, பசித்த பூனையை உள்ளே விட்டு, வெளியே உணவை வைத்தார். கயிற்று வளையத்தை இழுத்தால் அல்லது நெம்புகோலை அழுத்தினால் கதவு திறக்கும். முதல் தடவை பூனை பிறாண்டியது, கடித்தது, இடுக்குகளில் முட்டியது. எங்கோ தற்செயலாகக் கால் பட்டுக் கதவு திறந்தது. அடுத்தடுத்த தடவைகளில் வீண் அசைவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, வெளியே வர ஆகும் நேரமும் குறைந்துகொண்டே வந்தது. 1898இல் இந்த ஆய்வு வெளியானது. திருப்தியான விளைவைத் தந்த செயல் நிலைத்துவிடும் என்ற இந்தக் கண்டுபிடிப்பைப் பின்னாளில் அவர் ‘விளைவு விதி’ என்று வகுத்தார். மேடையேறும் பூனையிடம் திமிரும் இல்லை, நம்மை வம்புக்கிழுக்கும் நோக்கமும் இல்லை. முன்பு ஏறியபோது நல்லது நடந்தது, மறுபடியும் ஏறுகிறது.

உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரும் அவருடைய சகாக்களும் எலிகள், புறாக்களைக் கொண்டு இதில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பலன் தந்த பழக்கம், பலன் நின்றதும் சீக்கிரம் மங்கிவிடுகிறது. எப்போதாவது மட்டும் பலன் தந்த பழக்கமோ நெடுநாள் நீடிக்கிறது. நம் வீடுகளில் நடப்பது அப்படியே இரண்டாவது வகை. அப்பா விரட்டுவார், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொஞ்சுவார்கள், மத்தி ஆயும் பாட்டி மனசு கேட்காமல் ஒரு தலையைத் தூக்கிப் போடுவார். வாரத்துக்கு ஒரு மீன் தலை போதும், பூனை தினமும் வந்து நிற்கும். எனவே முதல் வேலை பூனையோடு இல்லை. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். பாட்டியிடம் ‘கொடுக்காதீங்க’ என்று சொல்வதைவிட, ‘கீழே அதோட தட்டுல போடுங்க பாட்டி’ என்று கேட்டுக்கொண்டால் அவரும் சங்கடப்பட மாட்டார், பூனைக்கும் கணக்கு மாறிவிடும்.

பலனை நிறுத்திய உடனே பூனை அடங்கிவிடாது. சில நாள்களுக்கு முன்பைவிட மோசமாகக் கத்தும், இன்னும் அடிக்கடி தாவும். பழைய வழி பலிக்காதபோது விலங்குகள் அதையே தீவிரமாகச் செய்து பார்ப்பது இயல்பு. பல வீடுகளில் ‘இதுக்கு எதுவும் பிரயோஜனமில்ல’ என்று கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம்.

தண்ணீர் பீய்ச்சுவதும் துடைப்பத்தை ஓங்குவதும் எனக்கு உடன்பாடானவை அல்ல. நாம் இல்லாத நேரத்தில் ஏறுவதை அவை தடுக்காது. நாம் நிற்கும்போது ஏறக்கூடாது என்று மட்டும் பூனை தெரிந்துகொள்ளும், கூடவே நம்மைக் கண்டாலே பயப்படவும் பழகும். அடி வாங்கிய பூனை ஒளிவதும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பதும் உண்டு.

ஏறும் ஆசையை அழிக்க முடியாது, இடத்தை மாற்றலாம். சமையலறை வாசலருகே மேடையைவிடச் சற்று உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு, மேலே பழைய சாக்கை மடித்து வையுங்கள். பூனை அதில் ஏறிய நொடியிலேயே பால்பாயிண்ட் பேனாவை ‘டிக்’ என்று அழுத்தி, வேகவைத்த கோழியில் சுண்டுவிரல் நக அளவு கொடுங்கள். பிஸ்கட் வேண்டாம். இனிப்பை உணரும் மரபணு பூனையினத்தில் செயலிழந்துவிட்டதை அமெரிக்காவின் மோனல் ஆய்வு மையம் 2005இல் கண்டறிந்தது. பூனையைப் பழக்க முடியாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 100 பூனைகளுக்கு, இப்படி ஒலி எழுப்பி உடனே உணவு தரும் ‘கிளிக்’ முறையில் 5 நிமிடப் பாடங்கள் 15 நடத்தினார்கள். கோல் நுனியை மூக்கால் தொட 79 சதவீதப் பூனைகள் கற்றுக்கொண்டன.

சமையலுக்கு முன் கயிற்று நுனியில் கந்தல் கட்டிப் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிவிட்டு, வயிறாரச் சாப்பாடும் போட்டுவிடலாம். தினமும் 5 முதல் 10 நிமிட விளையாட்டு, வெளியே போய்வரும் பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் இரையைக் கால்பங்கு குறைத்ததாக இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகம் 2021இல் கண்டது. உணவை எட்டாமல் வைப்பதும் முக்கியம். நம் பழைய வீடுகளில் பால், தயிர், வெண்ணெய்க்கு உத்தரத்தில் உறி தொங்கியது. கம்பிவலை அலமாரி இருந்தது. யாரும் விரட்டாமலே பலன் எட்டாமல் போகும் அந்த ஏற்பாட்டை இன்றைய நடத்தை அறிவியலும் பரிந்துரைக்கிறது. மூடாத ஒரே ஒரு பாத்திரம், இரண்டு வாரப் பயிற்சியை வீணாக்கிவிடும்.

பூனை நடந்த மேடையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே போதும். ஃபினாயில் கூடாது. ஃபீனால் வகைப் பொருள்களை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கியே தீரும். பாராசிட்டமால் மாத்திரையும் இதே காரணத்தால் அதற்கு விஷம், ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடலாம். கர்ப்பிணிகள் அஞ்சும் டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியேறி 1 முதல் 5 நாள்களில் தொற்றும் நிலையை அடைகிறது. மலத்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் பெரும்பகுதிக் கவலை தீரும்.

இவ்வளவு நாளும் மேடைப் பக்கமே வராத வயதான பூனை திடீரென்று குழம்புச் சட்டியைத் துழாவ ஆரம்பித்து, அகோரப் பசியோடு தின்றும் மெலிந்துகொண்டே போனால், தைராய்டு மிகையோ நீரிழிவோ இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்த பிறகு ஸ்டூலையும் பேனாவையும் எடுக்கலாம்.