போலி மருந்துச் சீட்டு: தண்டனையை முடிவு செய்யும் எடை

புது தில்லி: சித்தூரிலோ திருப்பதியிலோ ஒருவர் போலி மருந்துச் சீட்டைக் காட்டி "டிரமடால்' வலிநிவாரணி மாத்திரைகளை வாங்கிக் குவிக்கிறார் எனக் கொள்வோம். இது மோசடி வழக்கு மட்டும்தானா, போதைப்பொருள் வழக்கும் ஆகுமா? அமராவதியில் உள்ள ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செல்லும்போது, தண்டனை இக்கேள்வியைப் பொருத்தே அமையும்.

அனுமதியின்றி இத்தகைய மருந்துகளை மொத்தமாக வைத்திருப்போர் மீது போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் பாயும் என, பஞ்சாப் வழக்கு ஒன்றில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹீரா சிங் வழக்கில் 2020 ஏப்ரல் 22-இல் மூவர் அமர்வு, 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றி, கலவையின் மொத்த எடையையே கணக்கிட வேண்டும் என்றது.

2018-இல் இச்சட்டத்துக்குள் வந்த டிரமடாலுக்கு வணிக அளவு 250 கிராம். அதைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல். 50 மில்லிகிராம் மருந்துள்ள மாத்திரை 250 மில்லிகிராம் எடை இருந்தால், 5,000 மாத்திரைகளில் எட்டும் எல்லை 1,000 மாத்திரைகளிலேயே வந்துவிடும்.

போலிச் சீட்டு கடத்தல்காரரிடமும் இருக்கலாம். மருந்துக்கு அடிமையான நோயாளியிடமும் இருக்கலாம். எடை இவ்விருவரையும் வேறுபடுத்துவதில்லை. வணிக அளவு உறுதியானால், உயர் நீதிமன்றமும் 10 ஆண்டுகளுக்குக் கீழே தண்டனையைக் குறைக்க இயலாது.