தொட்டுப் பார்க்கத் தடையில்லை

ஜூன் விடுமுறை நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழும்: "இந்த வருஷம் பிள்ளைகள எங்க கூட்டிட்டுப் போறது?" ஜோகூருக்குப் போனால் பாலத்திலேயே பாதி நாள் கழிந்துவிடும். கடைத்தொகுதி என்றால் பணப்பை மெலியும். கடைசியில் யாராவது ஒருவர் "சயன்ஸ் சென்டர்?" என்பார். உடனே இன்னொருவர், "அதான் ஸ்கூல்லயே கூட்டிட்டுப் போயிட்டாங்களே" என்று அந்தப் பேச்சை முடித்துவிடுவார்.

பள்ளியோடு போவது வேறு, குடும்பத்தோடு போவது வேறு என்பது என் கட்சி. பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளையின் கையில் பயிற்சித்தாள் இருக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பும் அவசரத்தில் கண் எழுத்தைத் தேடுமே தவிர, எதிரே சுழல்வதைப் பார்க்காது. ஜூரோங்கில் 1977 டிசம்பரில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் அறிவியல் நிலையம் சாவகாசமாகப் பார்க்க வேண்டிய இடம்.

முதலில் நடைமுறை விஷயங்கள். திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருக்கும். விடுமுறைக் காலத்தில் இது மாறலாம் என்பதால் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காட்சிக்கூடங்களுக்கான நுழைவுச்சீட்டு வேறு, ஆம்னி திரையரங்குக்கு வேறு, ஒன்றரை வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கிட்ஸ்டாப் பகுதிக்கு வேறு. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வாங்கினால், மாலையில் பிள்ளை உங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு கூடங்கள், ஒரு செயல்விளக்கக் காட்சி, நடுவில் நல்ல சாப்பாடு; ஒரு நாளுக்கு இது போதும். கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஜூரோங் ஈஸ்ட் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் குடை வேண்டும். உள்ளே குளிரூட்டி பலமாக இருப்பதால் மெல்லிய சட்டையும் வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் அன்றைய காட்சி அட்டவணையைப் பாருங்கள். நெருப்புச் சூறாவளி இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். தொடக்கத்தில் அது சாதாரணத் தீதான், அடுப்பில் எரிவதைப் போல் ஆடி அசைந்துகொண்டிருக்கும். சூடான காற்று மேலே எழும்போது அந்த இடத்தை நிரப்பப் பக்கங்களிலிருந்து காற்று ஓடிவரும். அந்தக் காற்றை நேராக வரவிடாமல் சற்றே சாய்த்து விட்டால் அது சுழலத் தொடங்கும். நடுவை நெருங்க நெருங்கச் சுழற்சி வேகமெடுத்து, தீயை முறுக்கி மேலே இழுக்கும். சில விநாடிகளில் ஆளைவிடப் பல மடங்கு உயர நெருப்புத் தூண் ஒன்று கண்முன் நிற்கும். வீட்டில் இதற்கு ஒரு சோதனை உண்டு, நெருப்பே வேண்டாம். சுழல் நாற்காலியில் பிள்ளையைக் கைகளை விரித்தபடி உட்காரவைத்து மெல்லச் சுற்றிவிட்டு, கைகளை மார்போடு மடக்கச் சொல்லுங்கள். வேகம் கூடுவதைப் பிள்ளையே உணரும்.

இன்னொன்று டெஸ்லா சுருள். நிக்கோலா டெஸ்லா 1891இல் உருவாக்கிய கருவி இது. மிக உயர்ந்த மின்னழுத்தத்தில் அதிலிருந்து செயற்கை மின்னல்கள் பாயும். சத்தம் கடுமையாக இருக்கும், சின்னப் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஆண்டில் 160 நாட்களுக்கும் மேல் இடி கேட்கும் ஊர் நம்முடையது. ஆனால் மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள விநாடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

அரும்பொருளகம் என்றாலே 'தொடாதே' என்ற பலகை நினைவுக்கு வரும். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தை வழிநடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் காரணங்களால் ஆய்வுப் பணி பறிபோனபின் கொலராடோவில் மாட்டுப் பண்ணை நடத்தினார், பிறகு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தார். 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம், கையால் இயக்கிப் பார்த்துக் கற்கும் நிலையங்களுக்கு உலகெங்கும் முன்மாதிரியானது.

இனி, என் முக்கியமான யோசனை. தாத்தா பாட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

என் அம்மா தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். சாப்பாடு, தூக்கம், யார் யாரை அடித்தார்கள் என்பதெல்லாம் இருவரும் தமிழில் பேசிக்கொள்வார்கள். பள்ளியில் அறிவியல் பாடம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கம் மட்டும் கதவு சாத்தியே கிடந்தது. "இன்னிக்கு என்ன படிச்ச?" என்றால், "உங்களுக்குப் புரியாது பாட்டி" என்பான். மரியாதைக் குறைவு இல்லை, அவனிடம் சொல் இல்லை.

சென்ற ஆண்டு அம்மாவும் எங்களோடு வந்தார். கண்ணை ஏமாற்றும் படங்கள் உள்ள பகுதியில் இரண்டு கோடுகள்: ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி, மற்றதில் வெளிநோக்கி. ஒன்று நீளமாகத் தெரியும், இரண்டும் ஒரே நீளம். மகன் விளக்கப் பலகையைப் படித்துவிட்டு, "ரெண்டும் சேம் பாட்டி" என்று அடுத்ததற்கு ஓடினான். அம்மா நகரவில்லை. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஒரு கோட்டின்மேல் இழுத்துப் பிடித்து, விரலால் அடையாளம் வைத்து, மற்றக் கோட்டுக்குக் கொண்டுபோனார். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். அதற்குள் மகன் திரும்பி வந்துவிட்டான்.

"போர்டுல எழுதியிருக்கே பாட்டி."

"எழுதியிருந்தா? என் கண்ணு வேற சொல்லுதே!"

அவன் கைக்குட்டையை வாங்கித் தானும் அளந்தான். அதற்குப் பிறகு பலகையைப் படிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நெருப்புச் சூறாவளியை அவன் 'டொர்னாடோ' என்றபோது, "சூறக்காத்துடா" என்றார் அம்மா. அந்தச் சொல் இன்று வீட்டில் மின்விசிறி முதல் அவன் தங்கைவரை எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. ஆங்கிலப் பலகைகளை நான் மொழிபெயர்க்கவே இல்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து காப்பி குடித்தேன். பெற்றோர்களே, அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை விசையை அழுத்துமுன் விடையைச் சொல்லிவிடும் அப்பாக்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

ஜூரோங் ஏரித் தோட்டத்தில், சீனத் தோட்டம் ரயில் நிலையத்துக்கு அருகில் புதிய அறிவியல் நிலையம் உருவாகி வருகிறது. 2027ஆம் ஆண்டு வாக்கில் திறக்கத் திட்டம். ஸாஹா ஹதீத் நிறுவனத்தின் வடிவமைப்பு, வானாய்வுக்கூடம் என்றெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். முழங்கால் வலிக்காரர் அவர். ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.