நாட்பட்ட நோவும் சமூகப் பதகளிப்பும்: ஐயத்தின் சமூக அடிப்படை

நோவு உடலுக்குரியது, பதகளிப்பு மனத்துக்குரியது எனப் பிரித்து நோக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என மருத்துவர் வரையறுப்பர். பிறர் தம்மை எவ்வாறு மதிப்பிடுவரோ என்னும் நீங்காத அச்சமே சமூகப் பதகளிப்பு. இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படுவது அரிதன்று. அச்சேர்க்கையின் காரணங்களை உடலிலும் மனத்திலும் மட்டுமன்றி, உழைப்பு உறவுகளிலும் தேடவேண்டும் என்பதே நமது கருத்து.

1965இல் மெல்சாக், வோல் ஆகியோர் முன்வைத்த 'வாயில் கட்டுப்பாட்டுக் கொள்கை', நோவுச் செய்திகள் முண்ணாணில் கூடவோ குறையவோ செய்யலாம் என்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளுக்கும் அதிற் பங்குண்டு என்றும் விளக்கிற்று. அதன் விவரங்கள் சில பின்னர் திருத்தப்பட்டபோதிலும் இவ்வடிப்படை நிலைத்துள்ளது. எனவே அச்சம் நோவைக் கூட்டுவது கற்பனையன்று. அஞ்சுபவரின் தசைகள் இறுகுகின்றன. கவனம் நோவிலேயே குவிகின்றது. அசைவையும் மனிதரையும் தவிர்ப்பதால் உடல் தளர்கின்றது. தளர்ந்த உடல் மேலும் நோகின்றது.

ஆயின் அவ்வச்சம் எங்கிருந்து பிறக்கின்றது? 1980களின் அவுஸ்திரேலியாவை நோக்குவோம். விசைப்பலகையில் நாள் முழுவதும் ஒரே அசைவைச் செய்த ஊழியர் பலர், பெரும்பாலும் பெண்கள், கைநோவுக்கு நட்டஈடு கோரினர். கண்ணுக்குத் தெரியும் காயம் எதுவுமில்லை. வேலையின் வேகமும் ஓய்வின்மையுமே காரணம் எனத் தொழிற்சங்கங்கள் வாதிட்டன. மருத்துவருள் ஒரு சாரார் அதனை உளநெருக்கடியின் வெளிப்பாடு என்றனர். 'கங்காருப் பாதம்' என்ற ஏளனப் பெயரும் வழங்கிற்று. இத்தகைய சூழலில் ஒவ்வோர் அசைவும் சாட்சியமாகிவிடுகின்றது. சிரித்தால் நோவில்லை என்பர். முகஞ்சுளித்தால் நடிப்பு என்பர். நோவுறுபவர் பிறர் பார்வைக்கு அஞ்சி ஒதுங்குவதில் வியப்பில்லை.

எலேன் ஸ்கரி 1985இல் வெளியிட்ட நூலில், நோவு மொழிக்கு எளிதில் அடங்காதது என்றும், அனுபவிப்பவருக்கு உறுதியான அதுவே கேட்பவருக்கு ஐயத்துக்குரியதாகின்றது என்றும் எடுத்துக்காட்டினார். ஆழமான அவதானிப்பே. எனினும் ஐயம் எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. முதலாளி தம் முதுகுநோவை நிரூபிக்க வேண்டியதில்லை. தட்டெழுத்தாளர் தம் கைநோவை நிரூபிக்க வேண்டியுள்ளது. உழைப்புச் சக்தியை விற்று வாழ்பவருக்கு, நம்பப்படாமை மானக்கேடு மட்டுமன்று; பிழைப்பிழப்புமாகும்.

நோவில் உளக்கூறு உண்டென்பது அதனைப் பொய்யென்பதாகாது. சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 1979ஆம் ஆண்டு வரைவிலக்கணத்திலேயே உணர்ச்சிக்கூற்றை ஏற்றது. 2020இல் அதனைத் திருத்தியபோது, நோவுறுபவரின் கூற்று மதிக்கப்படவேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. அச்சத்தைத் தணிக்கும் உளச்சிகிச்சை தேவையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் வேலையின் வேகமும் மேலாளரின் ஐயமும் மாறாதவிடத்து, அஞ்சாதிருக்கக் கற்பித்தல் மட்டும் நியாயமான ஓர் அச்சத்தை நோயாளியின் குறையாக்கிவிடும். நோவுறுபவரை நம்புதல் இரக்கத்தின்பாற்பட்டதன்று; அது அவரது உரிமை.